வீடு மாறினா வர்ற பிளாஸ்டிக் குப்பைய யார் திரும்ப எடுத்துட்டுப் போறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் வீட்டுக்காரர் பேங்க்ல வேலை பாக்கறார், மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவ மூட்டை முடிச்ச கட்டிக்கிட்டு கிளம்பறதுதான் எங்க பொழப்பு, 1997-ல கல்யாணமாகி கும்பகோணத்த விட்டு வந்ததுலேர்ந்து இது எட்டாவது வீடு. இந்த மே மாசம் சேலத்துலேர்ந்து பாளையங்கோட்டைக்கு வந்திருக்கோம். லாரிக்காரங்க சாமான இறக்கி, கத்திய வச்சு சர்ரு சர்ருன்னு எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க, அதுக்கப்புறம் ஹால்ல நின்னு பாத்தேன், என் இடுப்பு உயரத்துக்கு பிளாஸ்டிக் கிடக்கு. பபிள் ராப், பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் இழுத்து சுத்துன ஸ்ட்ரெச் ரோலுங்கற மெல்லிசு பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் துண்டு, பிரவுன் டேப்பு. முந்தின நாள் காலைல சேலத்துல சுத்துனது, மறுநாள் மத்தியானம் இங்க குப்பை. ஒரு முழு நாள்தாங்க அதோட ஆயுசு.

இந்தக் குப்பைய என்ன பண்றதுன்னு ஒரு வாரமா அலைஞ்சேன், அத எழுதத்தான் இந்தக் கடிதம். பழைய பேப்பர் கடைக்காரர் வந்தாரு, அட்டைப்பெட்டிய எடை போட்டு எடுத்துக்கிட்டாரு, பபிள் ராப்ப கையால தூக்கிப் பாத்துட்டு "டேப்பு ஒட்டியிருக்கும்மா, இத யாரும் வாங்க மாட்டாங்க"ன்னு கீழ வச்சுட்டாரு. சுத்தமா இருந்தா உருக்குறதுக்கு போகுமாம், டேப்பு ஒட்டுனா போகாதாம். தெர்மாகோல திரும்பிக்கூட பாக்கல, அதுல முக்காலே மூணு வீசம் காத்துதான், ஒரு மூட்டை நிறைய கட்டினாலும் தராசுல ஒண்ணும் நிக்காது, அவர் எதுக்கு சுமந்துட்டுப் போவாரு? காலைல தூய்மைப் பணியாளர் அம்மா வண்டிய தள்ளிட்டு வந்தாங்க, எங்க ஒரு வீட்டு குப்பையப் போட்டாலே அவங்க வண்டி நிறைஞ்சிரும், மத்த வீட்டுக்கெல்லாம் அவங்க எங்க போவாங்க, எனக்கே கூச்சமாப் போச்சு, ரெண்டு கை மட்டும் குடுத்து அனுப்புனேன். பக்கத்துல இருக்கறவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க, எதிர்ல காலி மனை கிடக்கே, சாயங்காலமா கொளுத்திருங்கக்கான்னு. குப்பைய வெளியில எரிக்கக்கூடாதுன்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லியாச்சு, அதைவிட அந்தப் புகைய மூச்சுல இழுக்கப்போறது அவங்க வீட்டுக் குழந்தைங்களும்தான். ராமையன்பட்டி குப்பைக்கிடங்குல தீப்பிடிச்சா ஊரே எப்படி இருமுதுன்னு நான் இங்க உள்ளவங்களுக்கு சொல்லவேண்டியதில்ல.

இத்தனைக்கும் இந்த பிளாஸ்டிக் எங்க சாமான காப்பாத்துச்சான்னு கேட்டா அதுவும் முழுசா இல்ல. மாமனார் உக்காந்த தேக்கு சேர் ஒண்ணு இருக்கு, அதுக்கு ஸ்ட்ரெச் ரோல இறுக்கமா சுத்துனாங்க, மே மாச வெயில்ல மூடுன லாரிக்குள்ள உள்ளயே வேர்த்து, பிரிச்சுப் பாத்தா கைப்பிடி பூரா வெள்ளை வெள்ளையா திட்டு, பாலிஷ் போச்சு. பீரோ கதவுல டேப்ப நேரா ஒட்டிட்டாங்க, உரிச்சப்ப பெயின்ட்டோட சேந்து வந்துருச்சு. பீங்கான் தட்டு ஆறுல ரெண்டு விரிசல், அதுவும் ரெண்டு சுத்து பபிள் ராப் போட்டது.

இப்ப என் மாமியார் கட்டுன பெட்டிய சொல்றேன். அத்தைக்கு எழுபத்தாறு வயசு. கொலு பொம்மைய மட்டும் அந்த ஆளுங்க கையில குடுக்க மாட்டேன்னுட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து சேத்தது, பண்ருட்டி பொம்மை, காகிதக்கூழ் பொம்மையும் களிமண் பொம்மையுமா நூத்துக்கு மேல. தகரப்பெட்டி அடியில நாலு விரக்கடை வைக்கோல், ஒவ்வொரு பொம்மையோட கழுத்துக்கும் கைக்கும் பழைய வேட்டிக் கிழிசல், அப்புறம் செய்தித்தாள், பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவுல மறுபடி வைக்கோல், கனமானது கீழ, மேல லேசானது, கடைசியில மூடிய அழுத்தினா லேசா எதிர்த்துத் தள்ளணும், "பெட்டிய ஆட்டினா சத்தம் கேக்கப்படாது, சத்தம் கேட்டா பிரிச்சு மறுபடி கட்டு"ன்னு சொல்லிக்கிட்டே கட்டுனாங்க. இங்க வந்து பிரிச்சோம். கிருஷ்ணர் கையில இருக்கற புல்லாங்குழல், தீக்குச்சி தடிமன்தான் இருக்கும், அதுகூட அப்படியே வந்திருக்கு. கிழிசல மடிச்சு அதே பெட்டியில வச்சாச்சு, வைக்கோல கீழ் வீட்டு மாட்டுக்காரர் எடுத்துட்டுப் போனாரு, பேப்பர் மட்டும் கடைக்குப் போகும். அந்தப் பெட்டியால ஒரு கைப்பிடி குப்பை கிடையாது.

அத்தை செஞ்சதுலதான் விஷயமே இருக்கு. உடையறது மெத்து குறைஞ்சதால இல்ல, உள்ள இடம் விட்டு சாமான் ஆடறதாலதான். தட்ட படுக்கப்போட்டு அடுக்கினா மேல உள்ளதோட கனம் பூரா அடித்தட்டு மேல இறங்கும், புஸ்தகம் மாதிரி நிக்கவச்சு நடுவுல காகிதம் குடுத்து, ஓரத்துல இடமில்லாம துணியால அடைச்சா உடையாது. இத தெரியாம எத்தன சுத்து பபிள் ராப் போட்டாலும் விரிசல் விடத்தான் செய்யும்.

1997-ல நாங்க கிளம்புனப்ப லாரி ஷெட்டுல சொல்லி ஒரு லாரி, லோடுமேன் நாலு பேரு, அவ்வளவுதான். பித்தளைப் பாத்திரம் சணல் கோணியில, கண்ணாடிச் சாமான் பழமண்டியில வாங்குன மரப்பெட்டியில வைக்கோலோட, பீரோவுக்கு கோரைப்பாயும் ஜமுக்காளமும் சுத்தி கயிறு, மெத்தைக்கு பழைய புடவை. வெத்தலைய வாழைச்சருகுல கட்டி வெளியூருக்கு அனுப்பற ஊர்லேர்ந்து வந்தவ நான், இந்தப் பக்கம் வந்தா கருப்பட்டி ஓலைப்பெட்டியில வருது, மாம்பழம் இன்னிக்கும் வைக்கோல்ல வச்சுத்தான் வருது. நசுங்கக்கூடாத பொருள எப்படிக் கட்டணும்னு நம்ம ஆளுங்களுக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டாம்.

அந்தக் காலத்துக்கே திரும்பிப் போகணும்னு சொல்லல. டிவி, மைக்ரோவேவ் மாதிரி சாமானுக்கு வாங்கும்போது வந்த அட்டைய பரண்ல போட்டு வச்சா அதைவிட நல்ல பேக்கிங் கிடையாது, இடமில்லன்னு நாமதான் தூக்கிப்போட்டுர்றோம். பிளாஸ்டிக்கே ஆகாதுன்னும் சொல்லல, காய்கறி மார்க்கெட்டுல அடுக்கற பிளாஸ்டிக் கிரேட் இருக்கே, வருஷக்கணக்கா உழைக்குது, அந்த மாதிரி மூடி போட்ட கிரேட்டுல பாத்திரத்தையும் புஸ்தகத்தையும் ஏத்தி இறக்கி, அன்னிக்கே திரும்ப எடுத்துட்டுப் போனா ஒரு வீட்டுக்கு இருபது அட்டைப்பெட்டி மிச்சம். சணல் கோணிக்கும் பஞ்சமில்ல, தானியத்த சணல் சாக்குலதான் கட்டணும்னு 1987-லயே மத்திய சட்டம் வந்தாச்சு, பழசெல்லாம் சாக்குக் கடைக்கு வருது. டேப்புக்கு பதிலா தண்ணி தொட்டு ஒட்டற காகித டேப்பு இருக்கு, அட்டையோடயே மறுசுழற்சிக்குப் போயிரும், பழைய பேப்பர் கடையில தள்ள மாட்டாங்க. ஒரு சின்ன விஷயம், வெள்ளைப் பீங்கான செய்தித்தாள்ல நேரா சுத்தினா மை ஒட்டும், உள்ள ஒரு துணியோ அச்சடிக்காத பேப்பரோ குடுங்க.

பிளாஸ்டிக் சுத்தாம மழை பெஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு, எங்க சாமான ஏத்திட்டு வந்த கம்பெனியோட மேனேஜர் போன்ல கேட்டாரு, நியாயமான கேள்விதான். அதுக்கு லாரிக்கு நல்ல தார்ப்பாய் போடணும், இல்ல மூடுன வண்டி அனுப்பணும், அதுக்குத்தானே வாடகை குடுக்கறோம். ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித்தனியா பிளாஸ்டிக் சட்டை போட்டு அனுப்பறதா வழி? பீரோ, கட்டில், சோபாவுக்கு பஞ்சு வச்சு தைச்ச கனமான போர்வை வச்சிருக்கற ஆளுங்க இருக்காங்க, சுத்தி பெல்ட் போட்டுக் கட்டி, இறக்குனதும் உருவிட்டுப் போயிடுவாங்க. அதே போர்வை மறுநாள் இன்னொரு வீட்டுக்கு.

அந்த மேனேஜரே இன்னொண்ணும் சொன்னாரு, வேணும்னா எகோ ஃப்ரெண்ட்லி ரோல் இருக்கு மேடம், மக்கிப்போயிடும், கொஞ்சம் கூட ஆகும்னு. பச்சை கலர்ல ஒரு ரோல், இலை படம் போட்டிருந்துச்சு, அவ்வளவுதான். மக்கும் பிளாஸ்டிக்னு விக்கணும்னா ஐ.எஸ். 17088-ங்கற இந்தியத் தரத்துல இருக்கணும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சான்றிதழ் இருக்கணும், அப்படி இருந்தாலும் அது மக்கறது உரம் தயாரிக்கற ஆலையோட சூட்டுலதான், நம்ம தெருமுனையில கிடந்து மக்காது. இலை படத்த நம்பி யாரும் காசு குடுக்காதீங்க, சான்றிதழ் எண் கேளுங்க.

இதுல சட்டம் எங்க நிக்குதுன்னு பாத்தா எனக்கு மனசே ஆறல. 2019 ஜனவரி 1-லேர்ந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தி எறியற பிளாஸ்டிக்குக்கு தடை, டீக்கடைக்காரர் கப்ப விட்டாரு, பூக்காரம்மா கவர விட்டாங்க, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பை வந்துச்சு, நாங்களும் பையத் தூக்கிக்கிட்டுத்தான் கடைக்குப் போறோம். 2022 ஜூலை 1-லேர்ந்து நாடு முழுக்க வந்த தடையில ஸ்வீட் பாக்ஸ் மேல சுத்தற மெல்லிசு பிளாஸ்டிக் தாள்கூட கூடாது, அலங்காரத்துக்கு தெர்மாகோல் கூடாது. ஆனா ஆறடி பீரோவுக்கு பத்து சுத்து ஸ்ட்ரெச் ரோல் போட்டா அந்தப் பட்டியல்ல இல்ல. பூக்காரம்மா முன்னாடி ஒரு மாசம் குடுத்த கவர் அளவு பிளாஸ்டிக்க எங்க பீரோ ஒண்ணுக்கே சுத்தியிருப்பாங்க.

லோடுமேன்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். "கம்பெனியில குடுத்து விடறது இதான்மா, நாலு மணிக்குள்ள ஏத்தணும்"னு ஒரு தம்பி சொன்னாரு, வேர்த்து ஊத்திக்கிட்டு மூணாவது மாடியிலேர்ந்து பிரிட்ஜ இறக்கினவரு அவரு. கேக்கவேண்டியது கம்பெனிக்காரங்கள. நான் பேசின ஒரு கொட்டேஷன்லகூட பேக்கிங் சாமானுக்கு தனியா கணக்கு எழுதறது கிடையாது, மொத்தமா ஒரு தொகை, வேண்டாம்னு சொன்னாலும் குறைக்க மாட்டாங்க. எது எத்தன மீட்டர், என்ன விலைன்னு பிரிச்சு எழுதட்டும், வேண்டாங்கறவங்களுக்கு கழிச்சுக் குடுக்கட்டும். இறக்கிப் பிரிச்சதும் குப்பைய அதே லாரியில ஏத்திக்கிட்டுப் போகட்டும், லாரி என்னமோ திரும்பித்தானே போகுது. அவங்க கிட்ட சேந்தா ஒரே இடத்துல ஒரு டன் சேரும், மறுசுழற்சிக்காரங்க வந்து வாங்குவாங்க, என் வீட்டு வாசல்ல கிடக்கற அஞ்சு கிலோவ யாரு வாங்குவா?

இன்னொண்ணும் கேக்கணும். மே, ஜூன் வந்தா பேங்க்காரங்க, அரசு ஊழியர்கள்னு எத்தன குடும்பம் இடம் மாறுது, அதுல நிறைய பேருக்கு லாரி வாடகையும் பேக்கிங் செலவும் ஆபீஸ்தான் குடுக்குது. பில்ல பாஸ் பண்ணும்போது, பேக்கிங் கழிவ திரும்ப எடுத்துக்கிட்டோம்னு கம்பெனி ஒரு வரி எழுதிக் குடுத்தாத்தான் பணம்னு ஒரு சர்க்குலர் போட்டா போதும், அடுத்த சீசனுக்குள்ள எல்லா கம்பெனியும் மாறிரும். மாவட்ட நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இத படிச்சா கொஞ்சம் யோசிக்கணும்னு கேட்டுக்கறேன்.

கடைசியா ஒண்ணு. பேப்பர் கடைக்கு போட்டது போக நல்ல நிலையில உள்ள 5 ப்ளை (அஞ்சு அடுக்கு) அட்டைப்பெட்டி பதினாலு, சணல் கோணி ஒன்பது எங்க வீட்டு வராண்டாவுல மடிச்சு வச்சிருக்கேன். எங்க தெருவுலயே ஜூன் மாசம் ஒரு டீச்சர் குடும்பம் நாகர்கோவிலுக்கு மாறுறாங்க, அவங்களுக்கு குடுக்கறதா சொல்லியிருக்கேன். அந்தம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்க, தட்ட எப்படி நிக்கவச்சுக் கட்டறதுன்னு அத்தையே காமிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பாளையங்கோட்டை