தேனுவுக்கு

அன்புள்ள தேனுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வழக்கமாக எழுதுகிற வரிதான், இந்தத் தடவை நிஜமாகவே ஆவலாக இருக்கிறது. இங்கே மாடியில் ஒழுகிய இடத்தைக் கொத்தனார் வந்து பார்த்துவிட்டுப் போனார். அத்தை பழையபடிதான். மேலத்தெரு பேச்சு இந்த வருஷமும் முடியாது போலிருக்கிறது, விடு.

போன செவ்வாய்க்கிழமை வீடியோவில் பேசினாயே, அப்போது உன் முதுகுக்குப் பின்னால் அடுப்படி ஆணியில் வாட்ச் தொங்கியது. நெஞ்சில் தலைகீழாகக் குத்திக்கொள்வாயே, நான் வாங்கித் தந்தது. அங்கே இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் செவ்வாய் உனக்கு லாங் டே, பகல் பூரா டூட்டி என்று நீதான் சொல்லியிருக்கிறாய். நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. செந்திலிடம் கேட்டால் "அக்காவைக் கொஞ்ச நாள் விடுங்கம்மா" என்கிறான். நான் என்ன பிடித்தா வைத்திருக்கிறேன், விடுவதற்கு?

வேளைக்குச் சாப்பிடு. மருந்து எடுக்கும்போது லேபிளை மூன்று தடவை படி. எடுக்கும்போது ஒரு தடவை, சிரிஞ்சில் ஏற்றும்போது ஒரு தடவை, காலி ஆம்பூலைப் போடும்போது ஒரு தடவை. "இங்க எல்லாம் ஸ்கேன் பண்ணித்தாம்மா குடுப்போம்" என்று சிரிப்பாய். அமெரிக்காவில், டென்னசியில், ஒரு நர்ஸுக்கும் மருந்தை மெஷின்தான் எடுத்துக் கொடுத்தது. 2017இல். வெர்செட் என்கிற பதற்றம் தணிக்கிற மருந்தை எடுக்கப் போனவள் முதல் இரண்டு எழுத்தை அடித்தாள், வெக்குரோனியம் வந்தது. மூச்சையே நிறுத்துகிற மருந்து. மெஷின் எச்சரித்ததையும் தாண்டிப் போயிருக்கிறாள். அவள் எதையும் ஒளிக்கவில்லை, தானே போய்ச் சொன்னாள். 2022இல் கோர்ட் அவளைக் குற்றவாளி என்றது. ஜெயில் இல்லை, மூன்று வருஷம் கண்காணிப்பு. ஆனால் லைசென்ஸ் போய்விட்டது.

அதனால் எதிலும் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதே. யூனியன் ஆளை பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு. தேவைக்கு மேல் வாயைத் திறக்காதே. லேபிளைப் படி.

வாயைத் திறக்காதே என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். நான் செய்தது அதுதான்.

1991, மார்கழி. நீ ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். பெண்கள் வார்டில் நாற்பதுக்கு மேல் ஆட்கள், தரையில் பாய் போட்டும் படுத்திருந்தார்கள். ராத்திரி நானும் ஓர் ஆயாவும்தான். ஆம்பிசிலின் பவுடரைக் கரைக்க டிஸ்டில்ட் வாட்டர் எடுத்தேன். எடுத்ததாக நினைத்தேன். அந்த ட்ரேயில் பொட்டாசியம் க்ளோரைடும் இருந்தது, நேரே நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும். இரண்டும் பத்து மில்லி, இரண்டும் கண்ணாடி, இரண்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி. கரண்ட் இருந்தது. அதைச் சாக்குச் சொல்ல முடியாது.

காய்ச்சல் என்று சேர்ந்த பெண். உன் சித்தி வயசு. நரம்பில் ஏற்றும்போது "எரியுது சிஸ்டர்" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றேன்.

டூட்டி டாக்டர் ஓடி வந்து நெஞ்சை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். எல்லாம் முடிந்து ட்ரேயை எடுத்தபோதுதான் கழுத்து உடைந்த ஆம்பூலில் இருந்த எழுத்தைப் படித்தேன். கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். கேஸ் ஷீட்டில் மாரடைப்பு என்று எழுதினார்கள். விடிந்ததும் அவள் புருஷன் வந்து, "ராத்திரி பூரா முழிச்சிருந்து பாத்தீங்களாம்" என்று என்னைக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன்.

அன்றைக்குக் கிணற்றடியில் யூனிஃபார்ம் சேலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றேன். ஏம்மா என்று நீ கேட்டதற்கு வெயில் என்றேன். மார்கழியில். உன் அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை. கலெக்டர் கையால் வாங்கியது என்று கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அது அதற்கு மறு வருஷம்.

உங்கள் இங்கிலாந்தில் 2002லேயே அடர்த்தியான பொட்டாசியத்தை வார்டில் வைக்காதே என்று சொல்லிவிட்டார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. அப்படியென்றால் என்னைப் போல எத்தனை பேர் அந்த ஆம்பூலை உடைத்திருப்பார்கள், பார். அதில் சிலர் வெளியே சொல்லப் போய்த்தான் அது ட்ரேயை விட்டுப் போயிருக்கிறது. சொன்னவர்களில் நான் இல்லை.

பெரிய தப்பு நடந்தால் ஆஸ்பத்திரி குடும்பத்தாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும், 2014லிருந்து அங்கே அப்படித்தான் சட்டம் என்று நீ ஒரு தடவை சொன்னாய். குழம்பைக் கிளறிவிட்டு வருகிறேன் என்று போனை வைத்தேன். அன்றைக்கு அடுப்பில் ஒன்றுமே இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் கை என் கையைவிடச் சுத்தம் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவள் நான். ஆனால் அம்மாவிடம் இத்தனை நாள் இப்படி மறைக்கலாமா? கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, சரி.

செந்தில் வரும்போது வடகமும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன். இங்கே மணி என்ன என்று பார்க்காமல் கூப்பிடு. நைட் டூட்டி பார்த்த உடம்பு, எப்படியும் முழித்துத்தான் கிடக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: வாட்ச் ஓடவில்லை போல் தெரிந்தது. பேட்டரி மாற்றி வை.