உன் கைக்கு வயதாகவில்லை

வலப்பக்கத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். எட்டு மாதமாகப் பதில் போடாததற்கு உன்னிடம் வாங்க வேண்டிய திட்டைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன். இப்போது முதலில் இதற்குப் பதில் சொல்: கேம் கன்ட்ரோலரை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்கு.

உன் கடைசிக் கடிதத்தில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தாய். கம்ப்யூட்டரைப் பெரிய டிவியில் மாட்டிவிட்டேன், படம் பிரமாதம், ஆனால் கை மனசுக்குப் பின்னால் வருகிறது, நமக்கு வயதாகிவிட்டது, இனிமேல் விளையாட்டு வேண்டாம் என்று. அன்றைக்கு அதைப் படித்துச் சிரித்தேன். ஆடத் தெரியாதவன் அரங்கு கோணல் என்பான், இவன் கையைக் குறை சொல்கிறானே, நல்லவன்தான் என்று நினைத்தேன். போன மாதம் அதே நிலைமை எனக்கு வந்தது. அப்போதுதான் உன் கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன், இந்த முறை சிரிப்பு வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மேசை முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டதால், கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து 55 அங்குல டிவியில் மாட்டினேன். கிராபிக்ஸ் கார்டில் இருக்கிற எச்டிஎம்ஐ துளையில் செருக வேண்டும், மதர்போர்டில் இருக்கிறதில் செருகினால் கார்டின் முழுப் பலன் கிடைக்காது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். முதல் ராத்திரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கிட்டத்தட்ட 122 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு மலைச்சாரல், அதில் மழை. ஒரு மணி நேரம் சும்மா நடந்துகொண்டே இருந்தேன். மறுநாள் சண்டை ஆரம்பித்தது, அதோடு கஷ்டமும் ஆரம்பித்தது. எதிரி கத்தியை ஓங்குவது தெரிகிறது, தடுக்கிற பொத்தானை அழுத்துகிறேன், அடி விழுந்த பிறகுதான் என் ஆள் கையைத் தூக்குகிறான். மானிட்டரில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டின பள்ளத்தில் ஒரே மாலையில் பதினோரு தடவை விழுந்தேன். சரி, சோபாவில் சாய்ந்து உட்கார்வதால் இருக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தூக்கம் போதவில்லை என்று சீக்கிரம் படுத்தேன். மூன்று வாரம் இப்படியே போனது.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது அவருக்கு ஏறக்குறைய என் வயதுதான். சட்டைப் பொத்தான் போட நேரமாகும், எதிரில் நிற்கிற நம்மிடம் வேறு எதையாவது பேசிச் சமாளிப்பார், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, கையை நீட்டி அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு விளக்கடியில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். காகிதம் அசையவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. நம் கூட்டத்துக் கேப்டனிடம் போனில் லேசாகச் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி மாற்று என்றான். அவன் எதற்குமே அதைத்தான் சொல்வான்.

அப்புறம் ஒரு நாள், விளையாடக்கூட இல்லை, டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மவுஸைச் சட்டென்று இடமும் வலமும் ஆட்டினால், அம்புக்குறி ரப்பர் கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி கொஞ்சம் பிந்தி வருகிறது. நான் கையை நிறுத்தின பிறகும் அது ஒரு அடி நகர்ந்து நிற்கிறது. அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. கை பிந்தினால் அம்புக்குறி கையோடு சேர்ந்துதானே பிந்த வேண்டும்? கை நின்ற பிறகு அது ஏன் நகர்கிறது?

பழைய மானிட்டரைத் தூக்கி வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே படம் வரும்படி விண்டோஸில் மாற்றி, மில்லிசெகண்ட் காட்டுகிற ஒரு ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். இரண்டையும் சேர்த்துப் போனில் ஸ்லோமோஷனில் படம் பிடித்தேன். என் போன் ஒரு நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும், அதாவது ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 4 மில்லிசெகண்ட். மானிட்டரில் ஒரு எண் தோன்றினதிலிருந்து அதே எண் டிவியில் தோன்றுகிற வரைக்கும் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். 27 ஃப்ரேம். 110 மில்லிசெகண்டுக்கு மேல்! 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 காட்சியாக, ஓடுகிற விளையாட்டில் ஒரு காட்சிக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் ஆயுள். அப்படியென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆறு ஏழு காட்சிக்கு முந்தின உலகத்தை. அங்கே எதிரி கத்தியை ஓங்கி முடித்து என்னை வெட்டியும்விட்டான், எனக்கு இங்கே இன்னும் ஓங்குகிற படம் ஓடிக்கொண்டிருக்கிறது. எவன் கையாலும் அதைத் தடுக்க முடியாது.

ரிமோட்டை எடுத்துப் பட அமைப்பில் கேம் மோட், அதாவது விளையாடுகிறவனுக்காக இந்தத் தாமதத்தைக் குறைக்கிற வசதி, எங்கே இருக்கிறது என்று தேடிப் போட்டேன். மறுபடி படம் பிடித்தேன். 3 ஃப்ரேம், ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட். அந்த ராத்திரி பள்ளத்தை முதல் தடவையிலேயே தாண்டினேன். தாண்டிவிட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைதான், பழைய கைதான்.

ஏன் இப்படி என்றால், டிவி தனக்குள் ஒரு சின்ன ஒப்பனை அறையே வைத்திருக்கிறது. வருகிற படத்தில் இரைச்சலை நீக்குகிறது, விளிம்பைக் கூர்மையாக்குகிறது, நிறத்தைத் தூக்கிவிடுகிறது. எல்லாவற்றையும்விட மோசம், அசைவு வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி தெரிவதற்காக இரண்டு காட்சிக்கு நடுவில் புதிதாக ஒன்றைத் தானே வரைந்து சொருகுகிறது. நடுவில் சொருக வேண்டுமானால் அடுத்த காட்சி கைக்கு வந்தாக வேண்டுமே? அதனால் வந்ததைக் காட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறது. சினிமா பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்திச் சேர்த்துவிடும். விளையாடுகிறவனுக்கு மட்டும்தான் கை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்.

நாம் இரண்டு பேரும் ஏன் டிவியைச் சந்தேகப்படவே இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். உன் அண்ணனுடைய பழைய பெட்டி டிவியில் கம்ப்யூட்டரை மாட்டினோமே, அந்த நாலு ஊசி எஸ்-வீடியோ கேபிளில், ஒரு ஊசி வளைந்துபோய் நீ சேஃப்டி பின்னை வைத்து நிமிர்த்தினாயே. எழுத்து ஒன்றும் படிக்க முடியாது, மெனுவில் எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடமாகத்தான் போவோம். ஆனால் கை போன இடத்துக்குப் படம் போனது. அந்தக் குழாய் டிவியில் ஒரு காட்சியைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ள இடம் கிடையாது, சிக்னல் வர வர வரைந்துகொண்டே போகும். ரால்ஃப் பேயர் என்கிற பொறியாளர் 1966-லேயே டிவியில் விளையாடலாம் என்று யோசித்து, 1972-ல் ஒடிஸி என்ற பெட்டியாக அது வெளியே வந்தபோதும் அந்த மாதிரி டிவியில்தான் மாட்டினார்கள். நம் விரல்கள் பழகினதும் அதில்தான். டிவி என்பது சும்மா காட்டுகிற பெட்டி, அது பிந்தாது என்று உடம்பே நம்பிவிட்டது. அதனால்தான் பிந்தினது யார் என்ற கேள்வி வந்ததும் நேராக நம்மையே பிடித்துக்கொண்டோம்.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்காமல் சொல்கிறேன். பெட்டியைப் பிரித்து மாட்டும்போது இந்த ஒப்பனை எல்லாம் போட்டபடியேதான் இருக்கிறது. அதை நிறுத்துகிற வழி மெனுவுக்குள் மெனுவாக நாலு அடுக்குக்குக் கீழே இருக்கிறது. உன்னை மாதிரி எத்தனை பேர் தனக்கு வயதாகிவிட்டது என்று ஒதுங்கிப் போயிருப்பார்கள்? நீ நம் கூட்டத்திலேயே வேகமான கை. நீயே நம்பிவிட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, உன் டிவியில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பல டிவிகளில் கேம் மோட் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனி என்பதால், கம்ப்யூட்டர் எதில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போடு. கன்சோலை மாட்டினால் பல டிவிகள் தானாகவே மாறிக்கொள்ளும், கம்ப்யூட்டருக்கு அதை நம்பி இருக்காதே. அதே துளையின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பார். பெயர் மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன், ஆனால் பல டிவிகளில் அப்போதுதான் நிறத் தகவலைக் குறைக்காமல் முழுதாகக் காட்டும். சிவப்பு எழுத்து ஓரத்தில் கசிந்த மாதிரி இருந்தது எனக்கு அதோடு நின்றது. டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டிருந்தால் அது பெட்டி டிவி காலத்துப் பழக்கம், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது, பட அளவைத் திரைக்குச் சரியாக என்று மாற்றினால் போதும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கறுப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் கம்ப்யூட்டரும் டிவியும் வேறு வேறு எண் வைத்துக்கொண்டு, ஒன்று 0 முதல் 255, இன்னொன்று 16 முதல் 235 என்று பேசுகின்றன என்று அர்த்தம், இரண்டையும் ஒன்றாக்கு.

அப்புறம் விண்டோஸில் மேம்பட்ட திரை அமைப்பில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார். உன் டிவி 120 காட்டக்கூடியதாக இருந்தும் அது 60-லேயே நின்றிருக்கலாம். 30-ல் இருந்தால் கேபிளுக்கு நடுவில் ஏதோ பழைய அடாப்டர் இருக்கலாம், இருந்தால் பிடுங்கி எறி. எனக்கு இந்த இடத்தில் இரண்டு மாலை போயிற்று. 4கே கூர்மையில் 120 ஹெர்ட்ஸ் வைத்ததும் திரை இரண்டு நொடி கறுத்துக் கறுத்து வந்தது. கார்டைச் சந்தேகப்பட்டேன், டிரைவரைப் புதிதாகப் போட்டேன், கடைசியில் கேபிள்தான். என்னிடம் இருந்தது எச்டிஎம்ஐ 2.0 காலத்தது, நொடிக்கு 18 ஜிகாபிட்டுக்கு ஆனது. 2.1-க்கு 48 வரை தாங்க வேண்டும். உறையில் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்று சான்று ஒட்டியிருக்கிற மூன்று மீட்டர் கேபிள் வாங்கி, கம்ப்யூட்டரை டிவிக்குக் கிட்டே நகர்த்தினேன். ரொம்ப நீளமாகப் போகாதே, செம்புக் கம்பி கேபிளில் நீளம் கூடக் கூடத் தொல்லைதான். பல டிவிகளில் எல்லாத் துளையும் ஒன்றில்லை, சிலவற்றில் மட்டும்தான் 120 வரும்.

உன் கார்டு பழசு என்று கவலைப்படாதே. 4கே என்றால் 83 லட்சம் புள்ளி, அதற்குக் கீழே இருக்கிற 1080 கூர்மையைப் போல நாலு மடங்கு, அதைச் சுமக்க அது திணறத்தான் செய்யும். 1080-ல் 120 வைத்து ஆடு. மூன்று மீட்டர் தள்ளி உட்காருகிறவனுக்குக் கூர்மை கொஞ்சம் குறைவது பெரிதாகத் தெரியாது, அசைவு தெரியும். இதில் நான் தீர்மானமாக இருக்கிறேன், கேப்டனிடம் இதற்காகவே ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். புளூடூத் ஹெட்போனையும் கழற்றி வை. அதில் ஒலி சர்வ சாதாரணமாக 100 மில்லிசெகண்டைத் தாண்டிப் பிந்தும், ஒரு தாமதத்தை ஒழித்துவிட்டு இன்னொன்றைக் காதில் மாட்டிக்கொள்ளாதே. உன்னுடையது ஓஎல்இடி என்று எழுதியிருந்தாய், டாஸ்க்பாரைத் தானாக மறைகிற மாதிரி வை, ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் தடம் பதிந்துவிடும்.

இன்னொரு செய்தி. மூலை அறையில் ஆடினவரை வீட்டில் எல்லோருக்கும் என் முதுகுதான் தெரியும். கூடத்துக்கு வந்ததும் சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். முதலில் பார்த்தாள், அப்புறம் "அந்தக் கதவுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான்பா" என்று காட்டிக்கொடுத்தாள், இப்போது இரண்டாவது கன்ட்ரோலர் அவளுடையது. போன வாரம் அதன் பேட்டரி தீர்ந்துபோனதால் கீபோர்டை நடுவில் வைத்துக்கொண்டு ஆடினோம். அவள் யோசிக்காமல் வலது பக்கம், அம்பு விசைகள் பக்கம் கையை வைத்தாள். நான் இடது பக்கம், டபிள்யூ, ஏ, எஸ், டி. அந்தக் காலத்தில் நாம் ஒரே கீபோர்டில் ஆடின மாதிரியேதான், உன் முழங்கை இடிக்காதது மட்டும்தான் வித்தியாசம். யார் அந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று கேட்டாள். உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன். சேஃப்டி பின் கதையைச் சொல்லும்போது அவள் நம்பவில்லை, நீதான் வந்து சொல்ல வேண்டும்.

இன்றைக்கு ராத்திரியே அந்த அளவை எடுத்துப் பார். பக்கத்தில் வைக்க மானிட்டர் இல்லையென்றால் லேப்டாப்பை டிவியில் மாட்டு, அதன் திரையே போதும். கேம் மோடுக்கு முன்னால் எத்தனை ஃப்ரேம், பின்னால் எத்தனை என்று இரண்டு எண்ணை மட்டும் எழுதி அனுப்பு, மற்ற நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆன்லைனில் உட்கார்ந்திருப்போம். கேப்டனும் வருகிறேன் என்றிருக்கிறான், கண்ணாடி மாற்றிவிட்டானாம்.

இப்படிக்கு,
இடப்பக்கத்தான்