லயத்து வயரிங்கை மாற்றிக் கொடுங்கள்: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

போன வாரம் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், மூன்றாவது லயத்தில், நடந்தது உங்களுக்குத் தெரியும். கரண்ட் போன இரவில் பாட்டி ஒருவர் பிஸ்கட் டின் மூடியில் ஒட்டி வைத்த மெழுகுவர்த்தி சாய்ந்து, திரைச்சீலை பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பையன்கள் ஓடிவந்து திரையை இழுத்துப் போட்டு மிதித்து அணைத்தார்கள். பலகைச் சுவர் கருகியதோடு போயிற்று. மறுநாள் ஆபீஸ் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினீர்கள்: 'மெழுகுவர்த்தியைக் கவனமாகப் பயன்படுத்தவும்.'

அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கவனத்தில் நாங்கள் குறை வைக்கவில்லை, ஐயா. திரியைக் கால் அங்குலத்துக்கு நறுக்கிவிட்டுத்தான் பற்ற வைக்கிறேன். நீளமாக விட்டால் சுடர் எகிறிப் புகை கக்கும். மணல் நிரப்பிய பால் டின்னில் நட்டு வைக்கிறேன். கொசுவலை, திரை எதுவும் ஓர் அடிக்குள் வரக்கூடாது. மழைக்காற்று வரும் சன்னல் பக்கம் வைப்பதே இல்லை. இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடுகிறேன். உருகிய மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, தெறித்துப் பரவும், மூடியால் மூடு என்று ஆறாம் ஆண்டு படிக்கும் மகனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இதிலெல்லாம் பெரியது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் மெழுகுவர்த்தி எரியக்கூடாது என்பது. காலை ஐந்தரைக்கு நான் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்க வேண்டும். கணவருக்கு டவுனில் இரவு வேலை, ஏழரைக்குத்தான் வருவார். இந்த மாதம் மட்டும் ஆறு நாள் விடியற்காலையில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சமைத்து, பிள்ளைகளை எழுப்பிச் சீருடை போட்டுவிட்டு, வாசல்படி தாண்டும் முன் அதை அணைத்துவிடுகிறேன். பள்ளி வேன் வர ஆறே முக்கால் ஆகும். இங்கே வெளுப்பதற்கு ஏழு மணி ஆகிறது. வேன் வரும் வரை பிள்ளைகள் இரண்டு பேரும் இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னவளுக்கு எட்டு வயது. "கொஞ்ச நேரம் எரியட்டும்மா" என்று கெஞ்சுகிறாள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்துதான் உங்கள் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குகிறேன்.

சார்ஜ் விளக்கும் வாங்கினோம். போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் அது கருகிவிட்டது. மழை பெய்தால் மெயின் சுவிட்சில் பொறி பறக்கிறது. இதைச் சொல்லி மூன்று கடிதம் கொடுத்து, ஆபீஸ் எழுத்தர் கிராணியிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறோம். வயரிங்கை மாற்றிக் கொடுங்கள் என்பதைத் தவிர அவற்றில் வேறு எதுவும் கேட்கவில்லை.

கரண்ட் போன இரவிலும் உங்கள் பங்களாவில் விளக்கு எரிகிறது. கரண்ட் தயாரிக்கும் ஜென்செட் சத்தம் லயம் வரை கேட்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் தீப்பெட்டி தேடுகிறோம். குழாய்த் தண்ணீர் கலங்கி வருவதும், கால்வாய் அடைத்துக் கிடப்பதும் தனிக் கதை. தோட்டத்து வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று நம் மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. அது நீங்கள் அறியாததா?

கோபத்தில் எழுதியது மரியாதைக் குறைவாகப் பட்டால் மன்னிக்கவும். நான் கேட்பது இதுதான். தீபாவளிக்குள் லயத்து வயரிங்கை மாற்றிக் கொடுங்கள். அதுவரை கரண்ட் இல்லாத நாள்களில் காலை நாலரையிலிருந்து ஏழு மணி வரை ஜென்செட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு விளக்கு எரியும்படி லைன் இழுத்துக் கொடுங்கள். தயவுசெய்து எந்தத் தேதியில் வேலை தொடங்கும் என்பதை அதே ஆபீஸ் பலகையில் ஒட்டுங்கள்.

நன்றியுடன்,
இரண்டாவது லயத்துத் தாய் ஒருத்தி