பூஞ்சிட்டும் பெரிய மாடும்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். குறுவட்டத் தடகளப் போட்டியில் உன் பள்ளிப் பையன் 100 மீட்டரில் முதல் சுற்றான ஹீட்ஸோடு வெளியேறிவிட்டான், பக்கத்து லேனில் ஓடியவன் அவனைவிட ஒரு தலை உயரம் என்று கொதித்திருந்தாய். "வண்டிப் பந்தயத்துல மாட்டுக்கே அளவு பாத்து பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டுன்னு பிரிச்சு ஓட விடுறோம். புள்ளைகளை மட்டும் ஏன் மாமா ஒரே கோட்டுல நிறுத்துறோம்?" என்று கேட்டாயே, அது நல்ல கேள்வி. உன்னைப் போல உடற்கல்வி ஆசிரியர்கள் இன்னும் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் மாட்டையே எடுத்துக்கொள்வோம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோயில் திருவிழா என்றால் ரோட்டில் வண்டிப் பந்தயம் இல்லாமல் இருக்காது. பெரிய மாட்டுக்கு ஒரு தூரம், சின்ன மாட்டுக்கு அதைவிடக் குறைந்த தூரம் என்று பிரித்துத்தான் விடுகிறார்கள், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்த மாடு வெறுமனே ஓடவில்லையே, மாப்பிள்ளை. பின்னால் ஒரு வண்டி, வண்டியில் சாரதி. இழுக்க வேண்டிய சுமை மாட்டின் உடம்புக்கு வெளியே இருக்கிறது. சின்ன மாடு என்பதற்காகச் சாரதி இளைத்துவிடுவதில்லை.

எடைப் பிரிவு வைத்திருக்கிற விளையாட்டுகளை எல்லாம் இந்தக் கண்ணால் பார். பளு தூக்குதலில் இரும்புக்குத் தூக்குகிறவன் யார் என்று தெரியாது. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே 2021இல் உச்ச எடைப் பிரிவில் தூக்கியது 492 கிலோ. இரண்டு பேரையும் ஒரே மேடையில் நிறுத்தினால் அது போட்டியே இல்லை. மல்யுத்தத்தில் எதிராளியின் உடம்புதான் சுமை, குத்துச்சண்டையில் அவன் கையின் கனம்தான் அடி. ஓட்டக்காரன் சுமப்பது தன் உடம்பை மட்டும். பெரியவனுக்குப் பெரிய எஞ்சின், கூடவே பெரிய சுமை. ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது.

கணக்காகவே பார்க்கலாம், நீ உடற்கல்வி படித்தவன். ஒருவனை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பத்து சதவீதம் பெரிதாக்குகிறோம் என்று வை. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டைப் பொறுத்தது, அது 21 சதவீதம் கூடும். எடை 33 சதவீதம் கூடிவிடும். ஆகவே கோட்டிலிருந்து கிளம்பும்போது, எடைக்கு இவ்வளவு பலம் என்று பார்த்தால், சின்னவன் கைதான் ஓங்கும். வேகம் பிடித்த பிறகு பெரியவன் எடுத்து வைக்கும் எட்டு நீளம், ஆனால் கால் மெதுவாகச் சுழலும். ஒரே அமைப்புள்ள உடல்கள் பெரிதானாலும் சிறிதானாலும் உச்ச வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே வர வேண்டும் என்று 1950இலேயே எழுதியவர் ஏ. வி. ஹில். தசை ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேயர், இளமையில் தானும் ஓடியவர்.

காகிதத்தை விட்டு மைதானத்துக்கு வா. உசேன் போல்ட் 195 செ.மீ. 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது அவர் வைத்தது 41 எட்டு, சராசரியாக ஓர் எட்டு 2.44 மீட்டர். இதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2008க்கு முன்னால் 100 மீட்டருக்கு அவர் உயரம் ஒரு குறை என்றுதான் பேச்சு, 400க்குப் போ என்று தள்ளினார்கள். நீ அன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், பாவம் உயரமானவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்டிருப்பாய்! மாரிஸ் கிரீன் 176 செ.மீ., 1999இல் 9.79 ஓடி உலக சாதனை. கிறிஸ்டியன் கோல்மன் 175 செ.மீ., 2019இல் தோஹாவில் 9.76, உலக சாம்பியன். சீனாவின் சு பிங்தியான் 172 செ.மீ., டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் 9.83, ஆசிய சாதனை. பெண்களில் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் 152 செ.மீ.தான், நம் ஊர் பஸ்ஸில் மேல்கம்பி எட்டாத உயரம். 2008, 2012 என்று அடுத்தடுத்து ஒலிம்பிக் 100 மீட்டர் தங்கம், 2021இல் 10.60. பாரிஸ் 2024 ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் முதல் மூவர் 180, 185, 191 செ.மீ. முதல் இருவருக்கும் இடையே வித்தியாசம் விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. இந்த மூன்று பேருக்கும் நடுவில் எங்கே கோடு போடுவாய்?

160 செ.மீ. ஆண்கள் யாரும் அங்கே வருவதில்லையே என்பாய். சரி, 205 செ.மீ. ஆட்களும் வருவதில்லை. உயரம் நிஜமாகவே தீர்மானிக்கிற விளையாட்டுகளிலேயே பிரிவு கிடையாது. உயரம் தாண்டுதலில் ஸ்வீடனின் ஸ்டெஃபான் ஹோல்ம் 181 செ.மீ. வைத்துக்கொண்டு 2.40 மீட்டர் தாண்டினார், ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கினார்.

உயரத்தையாவது ஒருவன் மாற்ற முடியாது. எடையை வைத்துப் பிரித்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டுக்கு நடந்ததை நாடே பார்த்தது. 50 கிலோ இறுதிப் போட்டி அன்று காலை 100 கிராம் அதிகம், முடியை வெட்டிக்கூடப் பயனில்லை, வெறுங்கையோடு திரும்பினார். அவர் அத்தனை பேர் துணையோடு போன உலகத்தர வீராங்கனை. நம் ஊரில் ஒரு பி.டி. மாஸ்டர் பதிமூன்று வயதுப் பையனிடம் "இன்னும் ஒரு கிலோ இறக்குடா, சின்னப் பிரிவுல முதல் பரிசு" என்று சொன்னால் அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் வருவான். படகுப் போட்டியில் இலகு எடைப் பிரிவு 1996 முதல் ஒலிம்பிக்கில் இருந்தது, ஆண்களுக்கு 72.5 கிலோ, பெண்களுக்கு 59 கிலோ வரம்பு. பாரிஸோடு அதை எடுத்தே விட்டார்கள். இருந்த இடத்திலேயே போய்விட்ட ஒன்றை நாம் ஓட்டத்துக்குள் ஏன் கொண்டுவர வேண்டும்?

ஓட்டத்தில் உயரத்தை அளக்கிற இடம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா தடகளத்தில் குள்ளத்தன்மை உள்ளவர்களுக்கு 40, 41 என்று வகுப்புகள் உண்டு; பாரிஸ் பாராலிம்பிக்கில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிய நவ்தீப் சிங் 41ஆம் வகுப்பு. இரண்டு காலும் இல்லாமல் பிளேடு என்கிற செயற்கைக் கால் கட்டி ஓடுகிறவர்களுக்கும், பிளேடை நீளமாக்கி எட்டை நீட்டிக்கொள்ளக் கூடாது என்று உயர வரம்பு இருக்கிறது. அங்கே அளவெடுக்கக் காரணம் இருக்கிறது.

இனி உன் பையன். உன் கோபத்தில் நியாயம் இருக்கும் இடம் இதுதான், ஆனால் அதன் பெயர் உடல் அளவு அல்ல, வளர்ச்சி. ஆண் பிள்ளைகள் சராசரியாக 14 வயதில் மடமடவென்று வளர்கிறார்கள், பெண் பிள்ளைகள் 12இல். ஒருவனுக்கு அது 12இலேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 16 ஆகும். பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் மீசை அரும்பியவனும் பால்முகம் மாறாதவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். பெரிய பையன் ஜெயிப்பது உயரத்தால் மட்டும் இல்லை, அவன் தசை ஏற்கெனவே ஆண்பிள்ளைத் தசை.

காரைக்குடியில் படிக்கும்போது மெக்ளாய் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருப்பாயே? வயதை 20ஆல் பெருக்கு, அங்குலத்தில் உயரத்தை 6ஆல் பெருக்கு, பவுண்டில் எடையைக் கூட்டு. பதிமூன்று வயதில் 54 அங்குலம், 70 பவுண்டு என்றால் 654 வரும். அதே வயதில் 64 அங்குலம், 115 பவுண்டு என்றால் 759. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளைக் குழு பிரிப்பதற்காக மெக்ளாய் போட்ட கணக்கு இது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு நாம் அதை மூட்டை கட்டிவிட்டோம். அதைப் போட்டிக்கு எடுக்காதே, பயிற்சிக்கு எடு. மாலையில் கிரவுண்டில் ஓட விடும்போது 650காரனை 650காரனோடு ஓட விடு. இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகளும் வளர்ச்சியைப் பார்த்துக் குழு பிரித்து ஆட விடுகின்றன, ஆனால் இயல்பான வயதுப் போட்டிகளை அவை விட்டுவிடவில்லை.

மாவட்டப் போட்டியில் கோடு ஒன்றாகவே இருக்கட்டும். கூட்டத்தில் நிற்கிற ஆச்சிக்குக்கூட "யாரு மொதல்ல வந்தா?" என்பதற்கு ஒரே பதில் வேண்டும். நான்கு பிரிவு, நான்கு முதல் பரிசு என்றால் நான்கு அப்பாமார்கள் சந்தோஷப்படுவார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், தோற்றது உயரத்தால்தான் என்று எப்படி முடிவு செய்தாய்? சரளை மண், வெறுங்கால், ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது, கையால் பிடித்த ஸ்டாப்வாட்ச். கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டச் சொல்வார்கள். அந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே பாதிப் பிள்ளைகளின் தேர்வு அடங்கிவிடுகிறது. உன் பையனை 30 மீட்டர் வரைக்கும் தனியாக, 60 வரைக்கும் தனியாக ஓடவிட்டு நேரம் எடு. முதல் 30இல் அவன் பெரியவனோடு ஒட்டி வந்தால் அவனிடம் சரக்கு இருக்கிறது, வளர்ச்சி வரும்வரை 100ஐ வைத்து அவனை அளக்காதே. நீளம் தாண்டவும் 80 மீட்டர் தடை ஓட்டமும் கற்றுக்கொடு. முதல் 30லேயே விட்டுவிடுகிறான் என்றால் குறை ஸ்டார்ட்டில் இருக்கிறது, அதை இரண்டு மாதத்தில் சரி செய்யலாம். கபடி மாஸ்டர் கண்ணில் மட்டும் இப்போதைக்குக் காட்டாதே, கொத்திக்கொண்டு போய்விடுவார்.

நேரங்களை எழுதி அனுப்பு. அவன் பிறந்த மாதத்தையும், அவங்க அப்பா என்ன உயரம் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மாமா