பழைய கார்களின் பட்டறைக் கையேடுகளுக்கு நூலகத்தில் ஓர் அலமாரி வேண்டும்

பெறுநர்: பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நூலக அலுவலர்களுக்கும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். காவிரிப் படுகையின் வீட்டுப் பரண்களிலும் பட்டறைகளின் தகரப் பெட்டிகளிலும் பழைய கார்களின் பட்டறைக் கையேடுகள், உதிரிபாகப் பட்டியல்கள், வயரிங் வரைபடங்கள் கேட்பாரின்றிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, ஸ்கேன் செய்து, மாவட்ட மைய நூலகங்களில் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று கோரவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் மிராசுதார் வீடுகளிலும் மருத்துவர், வழக்கறிஞர் வீடுகளிலும் நின்ற அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகிய கார்களில் சில இன்றும் எங்கள் ஊர்களில் ஓடுகின்றன. இவற்றுள் மிகவும் கதியற்றது ஹெரால்ட். வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான அந்தக் கார், இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் வழிவந்தது. ஆகவே இங்கிலாந்துக் கையேட்டின் மறுபதிப்பை வரவழைத்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கிலாந்தில் 1961இலேயே 1147 சிசி எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள். நம்முடைய ஹெரால்டோ 948 சிசி எஞ்சினை விடவே இல்லை. நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. அதே நிறுவனம் 1972இல் கொண்டுவந்த கெஸல் காரில் பின் அச்சின் அமைப்பே வேறு. அயல்நாட்டுக் கையேட்டில் இவற்றுக்கான பக்கம் இருக்க வழியில்லை. சென்னைத் தொழிற்சாலை வெளியிட்ட தாள்களில்தான் அது இருக்கும். அந்தத் தொழிற்சாலையோ 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய நூல்களைத் தேடிப் போவதற்குச் சென்னையில் இருந்த மூர் மார்க்கெட்டும் 1985இல் எரிந்துபோயிற்று. இனி அந்தத் தாள்கள் கிடைக்குமென்றால், அந்தக் கார்கள் நின்ற வீடுகளிலும் அவற்றைப் பழுது பார்த்த பட்டறைகளிலும்தான் கிடைக்க வேண்டும்.

எஞ்சின் பழுதைக் கையேடு இல்லாமலும் ஒரு நல்ல மெக்கானிக் காதால் கேட்டே கண்டுபிடித்துவிடுவார். வயரிங் அப்படியன்று; ஒரு வயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை அதன் நிறம் ஒன்றுதான் சொல்லும். அக்காலத்து இங்கிலாந்து வழிக் கார்களில் கார் மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் நிற ஒழுங்கு பின்பற்றப்பட்டது. பழுப்பு நிற வயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இன்றி நேராக வருவது. வெள்ளை, சாவி திருப்பிய பின் உயிர் பெறுவது. பச்சை, அந்த வெள்ளையே ஃபியூஸைக் கடந்த பின் எடுக்கும் நிறம். ஊதா, சாவி இல்லாமலே ஃபியூஸ் வழியாக எப்போதும் மின்சாரம் உள்ளது. பார்க் லைட்டுக்குச் சிவப்பு, ஹெட்லைட்டுக்கு நீலம், அதிலும் வெள்ளைக் கோடிட்ட நீலம் பிரைட்டுக்கும் சிவப்புக் கோடிட்ட நீலம் டிம்முக்கும். கருப்பு என்றால் எர்த், அதாவது காரின் பாடியோடு சேரும் இணைப்பு. இந்த ஒழுங்கு தெரிந்தவர் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில்கூடப் பழுதை நெருங்கிவிடலாம். (ஃபியட்டின் வழிவந்த பிரீமியர் பத்மினிக்கும் இதே ஒழுங்கு அப்படியே பொருந்தும் என்று எவரும் கொண்டுவிட வேண்டாம்; அதற்குரிய வரைபடம் தனியே வேண்டும்.)

ஆனால் எங்கள் பகுதியில் தொழிற்சாலை வயரிங் அப்படியே இருக்கும் காரைக் காண்பது அரிது. கார் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்திலேயே நெல் மூட்டை அடுக்கியிருக்கும். நெல்லுக்கு வரும் எலி வயரையும் கடிக்காமல் போவதில்லை. கடிபட்ட இடத்தில் வீட்டு வயரிங்குக்கு வாங்கிய சிவப்பு வயரை இணைத்து டேப் சுற்றிவிடுவார்கள். சில ஆண்டுகளில் கார் முழுவதும் சிவப்பாகிவிடும். பிறகு பார்க் லைட்டுக்குப் போவது எது, பேட்டரியிலிருந்து வருவது எது என்று எவராலும் சொல்ல முடியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று எர்த் முனைகளைத் துருவேற்றி வைப்பது இன்னொரு தொல்லை. இந்நிலையில் வரைபடம் இருந்தால் ஒரு நாளில் முடியும் வேலை, இல்லாவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். சில வேளைகளில் தீயிலும் முடியும்.

எர்த் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1960களின் பிற்பாதி வரை இங்கிலாந்துக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைப்பதே பெருவழக்கு. அந்த வழிவந்த பழைய கார்களில் சில அப்படியே உள்ளன. சிலவற்றைப் பின்னாளில் யாரோ நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது, எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் டைனமோவின் ஃபீல்டு முனையில் பேட்டரி மின்சாரத்தை ஒரு கணம் தொடவைத்துத் துருவத்தைத் திருப்ப வேண்டும், ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். இவை செய்யப்பட்டனவா என்பதற்கு எழுத்து எதுவும் இருப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு காரில், பேட்டரி மாற்ற வந்தவர் எல்லாக் கார்களையும் போல எண்ணி முனைகளை மாட்டிச் சென்றதில், டைனமோவுக்குப் பதிலாகப் புதிதாகப் பொருத்திய ஆல்டர்னேட்டரின் டையோடுகள் உடனே போய்விட்டன. பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும்படி ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் அந்தச் செலவு நேர்ந்திராது.

கையேட்டில் இல்லாத அறிவும் உண்டு. பழைய கார்களை மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு எடுத்து, பூவோடு சீரியல் பல்புகளையும் சுற்றி, நாகஸ்வரத்தின் பின்னால் நடை வேகத்தில் ஓட்டுவது எங்கள் வழக்கம். டைனமோ அந்த வேகத்தில் பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்காது. எஞ்சின் வேகம் கூடிய பிறகே, டைனமோவையும் பேட்டரியையும் சேர்க்கும் தானியங்கி சுவிட்சான கட்அவுட் இணைந்து சார்ஜ் ஏறத் தொடங்கும். முழு வேகத்தில்கூட அந்த டைனமோக்களின் அளவு 20 ஆம்பியரை ஒட்டியதுதான். அதில் ஹெட்லைட்டுகள் மட்டுமே எட்டு ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். ஊர்வலம் பெண் வீட்டு வாசலை அடையும்போது கார் நின்றுபோவதன் காரணம் இதுவே. இதை அறிந்த பழைய எலக்ட்ரீஷியன்கள், சீரியல் பல்புகளுக்கு டிக்கியில் தனியாக ஒரு பேட்டரி வைத்து, காரின் வயரிங்கைத் தொடாமலே விடுவார்கள். கட்அவுட்டின் பாயிண்டைத் தேய்க்கும் முறை, எந்தச் சத்தத்துக்கு டைனமோவின் அச்சைத் தாங்கும் புஷ் காரணம் என்பன போன்றவற்றை அறிந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களுள் பலர் பட்டறைக்கு வருவதையும் நிறுத்திவிட்டனர்.

எனவே கையேடுகளைத் திரட்டும்போது இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டறையிலிருந்து வரும் பிரதிகளின் ஓரங்களில் கிரீஸ் கறையோடு தமிழில் பென்சில் குறிப்புகள் இருக்கும். ஸ்கேன் செய்பவர் அவற்றை அழுக்கென்று கருதித் துடைத்துவிடாமல், நிறம் தெரியும்படி அப்படியே படமெடுக்க வேண்டும். கருப்பு வெள்ளையில் எடுத்த வயரிங் வரைபடம் பாதிப் பயனைத்தான் தரும். அடுத்து, அந்த மூத்த எலக்ட்ரீஷியன்களை நூலகத்துக்கு அழைத்து, வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துப் பேசவிட்டு, குரலைப் பதிவு செய்ய வேண்டும். வெறுமனே பேட்டி எடுத்தால் பழங்கதைதான் கிடைக்கும். வரைபடம் எதிரில் இருந்தால் விரல் தானாகவே அதன் பிழைகளைத் தொடும்.

சட்டத் தடை இருக்குமோ என்ற தயக்கம் வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகளுக்கு மிகாமல் எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. வரைபடமும் அதில் அடக்கம். தன்னிடம் ஏற்கெனவே உள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கவும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. அவற்றை நூலகத்துக்குள் அமர்ந்து பார்க்க அனுமதித்தாலே எங்களுக்குப் போதும். பணிக்கு ஆள் இல்லை என்றால், அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்போரை ஈடுபடுத்தலாம். 1931இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூலகத்தை ஊர் ஊராக அனுப்பியவர்கள் வாழ்ந்த மண்ணில் இது பெரிய கோரிக்கையும் அன்று.

காலந்தாழ்த்தினால் நேரும் இழப்புக்கு கஜா புயலே சான்று. 2018 நவம்பரில் கொட்டகைகளின் கூரை பறந்தபோது கார்கள் நனைந்து பின்னர் காய்ந்தன. கூடவே இருந்த காகிதங்கள் கூழாகிவிட்டன. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு, உருமாற்றம் செய்யப்படாதிருந்தால் தனிப் பதிவெண் வழங்கும் விதியை மத்திய அரசு 2021இல் கொண்டுவந்துள்ளது. மூல வடிவம் எது என்று காட்ட அந்தக் காகிதங்களை விட்டால் எங்களுக்கு வேறு துணை இல்லை.

என்னிடம் ஹெரால்டின் பட்டறைக் கையேடு ஒன்று உள்ளது. அதை ஸ்கேன் செய்ய இப்போதே ஒப்படைக்கிறேன். அதில் டைனமோ, கட்அவுட் பகுதியின் தாள்கள் கிழிந்துபோயிருக்கின்றன. அந்தத் தாள்கள் உள்ள பிரதி வேறெவரிடமேனும் இருந்தால் கொண்டுவந்து தருமாறு, மாவட்ட மைய நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் முதல் வேண்டுகோளாக எழுதி வைக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மன்னார்குடி வட்டத்துப் பழைய கார் உரிமையாளர் ஒருவர்