அப்பாவுக்காக நின்ற எல்லோருக்கும்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுக் காலை ஒரு கையில் ஊன்றுகோலும் மறுபக்கம் என் தோளுமாகத் தோப்பு வரைக்கும் நடந்தார். கடைசி வரிசைத் தென்னைகளுக்குத் தண்ணீர் சரியாகப் பாயவில்லை என்று முறைத்துவிட்டுத் திரும்பினார். முறைக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் இனி பயமில்லை. அதனால் இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு நின்றவர்கள்தான். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

108 வண்டியில் வந்த இரண்டு தம்பிகளுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களுக்கும், கை கால் பயிற்சி கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் இயன்முறை மருத்துவருக்கும் நன்றி. மழை கட்டிக்கொண்டு வந்தபோது யாரும் சொல்லாமலே களத்தில் இருந்த கொப்பரையை அள்ளி உள்ளே போட்ட ஆட்களுக்கும், எண்ணெய் மில்லை ஒருநாளும் நிற்க விடாத மேஸ்திரிக்கும், வேளாவேளைக்குத் தூக்குப்போசியில் சோறு அனுப்பிய சித்தி வீட்டுக்கும் நன்றி. தேர்தலில் அப்பாவைத் தோற்கடிக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், ரத்தம் கொடுக்கிறோம் என்று வரிசையில் வந்து நின்றார்கள். ரத்தம் தேவைப்படவில்லை. நின்றதை மறக்க மாட்டோம்.

உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

அப்பா பிழைத்துவிட்டார், ஆனால் பேச்சு வரவில்லை. நாலு ஏக்கர் தோப்பில் தொடங்கி, கொப்பரை வாங்கி விற்று, அப்புறம் எண்ணெய் மில், நார் மில் என்று வளர்ந்த மனுஷன் அவர். எல்லாமே வாயால் வளர்ந்தது. சந்தையில் விலை பேசுவது, வங்கி மேனேஜரிடம் வாதாடுவது, கடைசியில் எம்.பி. ஆக ஓட்டுக் கேட்பது. அந்த வாய் மூடிக்கிடந்ததை எங்களால் பார்க்க முடியவில்லை. நன்றாகத் தெரிந்த விஷயங்களைக் காதில் போட்டுக்கொண்டே இருங்கள் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். நாங்களும் எதையெதையோ பேசினோம். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஓர் அம்மா போன் செய்தார். "நான் லோக்சபாவுல இன்டர்பிரட்டரா இருந்து ரிட்டயர் ஆனவம்மா. உங்கப்பா தமிழ்ல பேசினதை இங்கிலீஷ்ல சொன்னது நான்தான். வந்து பார்க்கலாமா?"

அப்போது சபையில் தமிழில் பேச நினைக்கும் உறுப்பினர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து, பேச்சு ஓட ஓடவே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வருவார். மற்றவர்கள் அதைக் காதில் மாட்டிய கருவியில் கேட்பார்கள். டெல்லியில் இருந்த காலம் முழுக்க அப்பாவும் அந்த அம்மாவும் நேரில் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஆரம்பத்தில் ஒருமுறை, 'எண்களைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்' என்று அவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு, பேசப்போகும் விஷயத்தை எழுதி முன்கூட்டியே அவருக்கு அனுப்பிவிடுவது அப்பாவுக்குப் பழக்கமாகிவிட்டது. எழுதியது எதில் என்கிறீர்கள்? எங்கள் கொப்பரைக் களத்து எடைச்சீட்டின் பின்பக்கத்தில். வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுத்தாலும் அவருக்குக் கை ஓடாது.

அந்த அம்மா அத்தனை சீட்டையும் வைத்திருந்தார். ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைலில், தேதி வாரியாக. ராத்திரி பஸ்ஸில் வந்து, காப்பி கூடக் குடிக்காமல் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று அப்பா கேட்டது. வெள்ளை ஈ தாக்கிய தோப்புகளுக்கு இழப்பீடு கேட்டது. கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்போம் என்றால் மழை மாதத்தில் சின்ன விவசாயி எங்கே போய் உலர்த்துவான் என்று கேட்டது. எல்லாம் அவர் எழுதியபடியே, அவர் மூச்சு விடும் இடத்தில் நிறுத்தி. அப்பா சுவரிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

மறுநாள் 2019 பேச்சு. அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலையை உயர்த்தியிருந்த நேரம். எண்ணெய் ஆட்டுகிற அரவைக் கொப்பரைக்கு ஒரு விலை, முழுசாக உலர்த்திச் சாப்பிட விற்கிற பந்துக் கொப்பரைக்கு ஒரு விலை. "அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 9,920 ரூபாய்..." என்று அந்த அம்மா வாசித்தார். அப்பாவின் இடதுகை போர்வைக்கு வெளியே வந்தது. உதடு இழுத்தது.

"அது... பந்துங்க."

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டேன். அந்த அம்மா அசையவில்லை. "அப்ப அரவைக்கு எவ்வளவுங்க ஐயா?" என்றார். வெகுநேரம் ஆனது. எங்களை வாயைத் திறக்கக் கூடாது என்று கையால் அடக்கிவிட்டுக் காத்திருந்தார். ஒன்பதாயிரம் வந்தது. அப்புறம் ஐந்நூறு. இருபத்தொன்று வரும்போது அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. சரிதான், 9,521. பந்துக் கொப்பரைக்குத்தான் 9,920.

வேண்டுமென்றே தப்பாக வாசித்தீர்களா என்று பிறகு கேட்டேன். "கண்ணாடி மாத்தணும்மா, பவர் ஏறிடுச்சு" என்று சிரித்தார். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

எம்.பி. என்றால் என்னவென்று கேட்பவர்களிடம் அப்பா ஒரு பதில் வைத்திருந்தார்: "வெள்ளிக்கிழமை மத்தியானம் காலி நாற்காலிக்குப் பேசுறவன்." அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் தாங்களே கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கிய நேரம் அது. நாடாளுமன்ற வரலாற்றில் அப்படிப்பட்ட மசோதா சட்டமானது 14 முறைதான், கடைசியாக 1970-இல். அது தெரிந்தும் இவர் தேங்காய்க்காக ஒன்று கொடுத்தார். விவாதத்துக்கே வரவில்லை. ஊரில் எத்தனையோ பேர் கேட்டார்கள், மில்லை விட்டுவிட்டு அங்கே போய் யாரிடம் கத்தினீர்கள் என்று. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. சபை காலியாக இருந்த நாளிலும் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். அவர் வேலையே அது என்று சொல்லலாம். எடைச்சீட்டை ஃபைல் போட்டு வைப்பது யாருடைய வேலைப் பட்டியலிலும் கிடையாது.

அம்மா, நீங்கள் பஸ் செலவைக் கூட வாங்க மறுத்துவிட்டீர்கள். எங்கள் செக்கெண்ணெய் மாதாமாதம் உங்கள் வீட்டுக்கு வரும், அதைத் திருப்பி அனுப்ப முடியாது. அந்தச் சீட்டுகளை ஒன்று விடாமல் தட்டச்சு செய்து, தோப்பு வைத்திருக்கிற யாரும் படிக்கிற மாதிரி நானே புத்தகமாகப் போடுவேன். பிழைதிருத்தம் உங்களுடையது, கண்ணாடி மாற்றிய பிறகு.

பார்க்க வர நினைப்பவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள். அவர் ஒரு சொல்லுக்குத் திணறும்போது நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள், அவரே சொல்லிவிடுவார். நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார், கொப்பரை விலை கேட்டால் நிறையப் பேசுகிறார். ஆகவே அன்றைய விலையைத் தெரிந்துகொண்டு வாருங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை.