எங்கள் பாத்திரங்களின் மனத்தை எங்களிடமே விடுங்கள்: கேம் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கேம் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டம் நம்முடையது; கதையை நடத்தி, மற்ற எல்லாரையும் பேசவைப்பவர் கேம் மாஸ்டர். நீண்ட நாள் ஆடிவந்த அப்படியொரு தொடர் ஆட்டத்திலிருந்து அண்மையில் விலகிய ஆட்டக்காரர் எழுதுகிறேன். அதை நடத்தியவர் யார் என்று சொல்லப்போவதில்லை. குறை அவர் ஒருவரோடு முடிவதாக இருந்தால் அவரிடமே பேசித் தீர்த்திருப்பேன். இதே குறையை வேறு வேறு மேசைகளில், வேறு வேறு ஆட்டக்காரர்கள் வாயால் கேட்டுச் சலித்துப்போனதால்தான் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

என் பாத்திரம் ஒரு மருத்துவச்சி. தன் ஊரை எரித்த படைத்தலைவனைத் தேடி அலைபவள். "அவனை மன்னிக்க மாட்டாள்" என்று பாத்திரத் தாளின் மேல் ஓரத்தில், பெயருக்கும் மேலே, பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். கதை வளர்ந்து ஒருநாள் அவன் எங்கள் கையில் சிக்கினான். சிறைக் கதவின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவன் அவளோடு பேச விரும்புவதாகச் சொன்ன கேம் மாஸ்டர், திரைக்குப் பின்னால் இருபது பக்கப் பகடையை உருட்டினார். "இருபது! அவன் பேச்சில் உன் மனம் இளகிவிட்டது. கண் கலங்க அவனை மன்னித்துச் சாவியைக் கொடுத்துவிடுகிறாய்" என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். "பகடை சொல்லிவிட்டதே" என்று அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார்.

அவன் என்னதான் சொன்னான்? இன்றுவரை எனக்குத் தெரியாது. அழுதானா, மன்னிப்புக் கேட்டானா, எரிந்த வீடுகளில் ஒன்றையாவது நினைவில் வைத்திருந்தானா? ஒரு சொல்கூட மேசையில் பேசப்படவில்லை. அவள் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு அது. அதை எடுத்தபோது அவள் என்ன நினைத்தாள் என்று என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஒருவேளை அவன் பேசியிருந்தால், நானே இளகியிருப்பேன். அந்த வாய்ப்பையும் சேர்த்தே பறித்துக்கொண்டார்கள் என்பதுதான் இன்னும் ஆறாமல் இருக்கிறது.

நாங்கள் ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் 20 விழுந்தாலே வெற்றி என்பது தாக்குதல் வீச்சுக்கு உரிய விதி. பேசி இணங்கவைக்கும் திறனுக்கு அந்தச் சலுகை கிடையாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவரை முழுதாக ஆட்டிப்படைக்கும் ஐந்தாம் நிலை மந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதி ஒன்பதாம் படியை எட்டிய பிறகுதான் அது கைக்கு வரும். அப்போதும் எதிராளிக்கு எதிர்த்து உருட்ட உரிமை உண்டு. சிக்கிக்கொண்டாலும், அந்த நிலையில் ஏவினால் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. இடையில் அடிபடும் ஒவ்வொரு முறையும் மீண்டும் உருட்டி விடுபடப் பார்க்கலாம். மந்திரத்துக்கே இத்தனை கடிவாளம் இருக்கும்போது, வெறும் வாய்ப்பேச்சுக்கு என் பாத்திரத்திடம் எதிர்த்து உருட்டும் வழிகூட இல்லாமல் போனது எந்த நியாயத்தில்?

பாத்திரத்தின் மனத்தைத் தொடும் விதிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1981-இல் வந்த கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டத்தை ஆட உட்காருகிறவர், தன் பாத்திரத்துக்குப் புத்தி பேதலிக்கலாம் என்று தெரிந்தேதான் உட்காருகிறார். 1985-இன் பென்டிராகனில் மன்னிக்கும் குணமும் பழிவாங்கும் குணமும் ஓர் இணை; இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 20. அந்த எண்கள் ஆட்டக்காரரின் தாளில், அவர் கண்முன்னேயே இருக்கின்றன. பாத்திரம் நடந்துகொள்ளும் விதத்துக்கேற்ப ஏறி இறங்குகின்றன. ஃபேட் ஆட்டத்தில் பாத்திரத்தின் பலவீனத்தைத் தூண்ட நினைக்கும் கேம் மாஸ்டர் ஒரு புள்ளியை நீட்ட வேண்டும். வேண்டாம் என்றால் ஆட்டக்காரர் தன்னிடமுள்ள புள்ளியைக் கொடுத்து மறுக்கலாம். 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் ஒரு பாத்திரம் இன்னொரு ஆட்டக்காரரின் பாத்திரத்தை வளைக்கப் பார்த்தால், இணங்கினால் அனுபவப் புள்ளி, மறுத்தால் ஆபத்து என்று விதி வைத்துவிட்டு, என்ன செய்வது என்பதை அந்த ஆட்டம் அவரிடமே விடுகிறது. இவற்றில் எதுவும் ஆட்டக்காரருக்கு முன்கூட்டித் தெரியாமல் அவர் பாத்திரத்தின் மனத்தைத் தொடுவதில்லை. நான் கேட்பதும் இவ்வளவுதான்: எங்கள் பாத்திரம் என்ன முடிவெடுக்கிறது என்பதை எங்களிடம் கேளுங்கள்.

உங்கள் கையில் என்னதான் இல்லை? அரசர்கள், தெய்வங்கள், பூதங்கள், மழை, பஞ்சம், போர், ஊர் பேர் தெரியாத வழிப்போக்கன் வரை எல்லாம் உங்களுடையவை. எங்களுக்கு இருப்பது ஒரே ஓர் ஆள். அவளைக் காயப்படுத்துங்கள், கட்டிப்போடுங்கள், அவள் நம்பியவர்களை அவளுக்கு எதிராகத் திருப்புங்கள், மனமார ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் "நீ பயந்து ஓடுகிறாய்", "நீ அவனைக் காதலிக்கத் தொடங்குகிறாய்" என்று எங்கள் வசனத்தையும் நீங்களே பேசிவிட்டால், மணிக்கணக்கில் நாங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது எதற்கு? எழுதி முடித்த கதையைப் படித்துக் காட்டத்தான் எங்களை அழைக்கிறீர்கள் என்றால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோபம் கொஞ்சம் மீறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் சொந்த நேரத்தைச் செலவிட்டு எங்களுக்காக உலகங்களை உருவாக்குகிறவர்கள் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பின் மேல் மதிப்பு இருப்பதால்தான் சொல்லாமல் ஒதுங்கிப்போக மனம் வரவில்லை.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். பேச்சுத்திறன் பகடையை எங்கள் பாத்திரங்கள் மேல் உருட்டாதீர்கள். உருட்டியே ஆக வேண்டுமென்றால், அந்த எண்ணைக் கொண்டு எதிரி எவ்வளவு நயமாகப் பேசுகிறான், எவ்வளவு உண்மையானவனாகத் தோன்றுகிறான் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். அதன் பிறகு "என்ன செய்கிறாய்?" என்று கேளுங்கள். மனத்தைத் தொடும் விதிகள் உங்கள் ஆட்டத்தில் உண்டென்றால், பாத்திரத்தை உருவாக்கும் முன்பே, முதல் அமர்விலேயே தெரிவித்துவிடுங்கள். ஏற்பதா விலகுவதா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

மரியாதையுடன்,
ஓர் ஆட்டக்காரர்